சும்மா இருக்கும் கணினியில் எழுதிக்கொண்டே இருப்பது யார்?

நொடிக்கு 1 மெகாபைட் என்பது திரையில் பார்க்கும்போது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் ஒரு நாளில் 86,400 நொடிகள் இருக்கின்றன. அந்த வேகத்தில் கணினி ஓய்வில்லாமல் எழுதினால் நாள் ஒன்றுக்கு 86 ஜிகாபைட்டைத் தாண்டும். ஓராண்டில் 31 டெராபைட்டைத் தாண்டும். என் வீட்டுக் கணினி, யாரும் தொடாத நேரங்களிலும், ஏறக்குறைய இந்த வேகத்தில் தன் எஸ்எஸ்டியில் (கோப்புகளைச் சேமிக்கும், எழுத எழுதத் தேயும் வட்டு) எதையோ எழுதிக்கொண்டிருந்தது. எழுதியது நான் நம்பி நிறுவிய பாதுகாப்பு மென்பொருள். என்ன எழுதுகிறது, எதற்காக எழுதுகிறது என்பதற்கு அதன் திரைகளில் எங்குமே விளக்கம் இல்லை. அதைத் தேடிப் பிடித்த வழியை இங்கே எழுதுகிறேன். இதே சந்தேகத்தோடு இருப்பவர்களுக்கு இந்த வழி பயன்படும் என்று நம்புகிறேன்.

சந்தேகம் எழுந்தது காப்புப் பிரதியிலிருந்து. என் கணினி இரவுதோறும், முந்தைய நாளிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் வெளி வட்டில் நகலெடுக்கும். வீட்டில் நடக்கும் வேலை கொஞ்சம்தான்: சில கடிதங்கள், வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், இணையம். அதற்குச் சில நூறு மெகாபைட் போதும். ஆனால் ஒவ்வோர் இரவும் அதற்கு மேல் 2 ஜிகாபைட் அளவுக்குச் சேர்ந்துகொண்டே இருந்தது. கணினியைத் தொடாத நாட்களிலும் அந்த 2 ஜிகாபைட் தவறவில்லை. கூடுதலாக இருந்தது மட்டுமல்ல, எப்போதும் ஒரே அளவாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. மனிதர்கள் செய்யும் வேலை ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மாறாத அளவு என்றால் அதற்குப் பின்னால் ஓர் இயந்திரத்தனமான காரணம் இருக்க வேண்டும்.

இப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் எஸ்எஸ்டி தானே வைத்திருக்கும் கணக்கு. இதை ஸ்மார்ட் தகவல் என்பார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலிலேயே பார்த்துவிடலாம். என்விஎம்இ என்ற இணைப்பு வகை எஸ்எஸ்டியில் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' (எழுதப்பட்ட தரவு அலகுகள்) என்று ஓர் எண் இருக்கும். அதில் ஒரு யூனிட் என்பது 512 பைட்டுகள் கொண்ட 1,000 துண்டுகள், அதாவது 5,12,000 பைட்டுகள். சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் பெரும்பாலும் 241ஆம் எண்ணுள்ள வரியில் இந்தக் கணக்கு வரும். அங்கே அலகு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் கவனமாகப் படிக்க வேண்டும். கணினியிலிருந்து வட்டுக்கு வந்து சேர்ந்த எழுத்து அனைத்தும் இந்த எண்ணில் ஏறிவிடும். எந்த நிரல் எழுதியது, எந்த வழியாக எழுதியது என்ற பாகுபாடே அங்கு இல்லை. இயங்குதளம் காட்டும் வேறு எந்தக் கணக்கிலும் ஏதாவது ஒன்று விடுபட இடமுண்டு. ஆகவே என் தேடல் முழுவதற்கும் இந்த எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லா நிரல்களையும் மூடி, கணினி உறங்கப் போகாதபடி அமைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது மூன்றரை ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தது. உலாவியை மட்டும் திறந்துவைத்து மறுபடியும் ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் எது குறைந்தது என்று பிறகு சொல்லவே முடியாது. உலாவி திறந்திருந்தபோது கொஞ்சம் கூடியது. இணையம் இல்லாதபோதும் பெரிதாகக் குறையவில்லை. ஆக, எழுதப்படுவது இணையத்திலிருந்து இறங்கும் எதுவும் அல்ல என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இப்போது ஒரு கணக்கு இடித்தது. நாளைக்கு 80 ஜிகாபைட்டுக்கு மேல் எழுதப்படுகிறது. காப்புப் பிரதியிலோ 2 ஜிகாபைட்தான் கூடுகிறது. மீதி எங்கே போகிறது? யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு விடைதான் பொருந்துகிறது: அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இந்த ஊகத்தை மனதில் வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் ஓர் அச்சத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னணியில் ஓயாமல் எழுதும் நிரல் என்றதும், உள்ளே புகுந்த தீய நிரலோ என்ற எண்ணம் யாருக்கும் வரும். வரவும் வேண்டும். பாதுகாப்பு மென்பொருளின் பெயரைப் போட்டுக்கொண்டு வேறொன்று இயங்க முடியும். இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் என் பாதுகாப்பு மென்பொருளின் மீது வலது சொடுக்கு செய்து, அது எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்று பார்த்தேன். அதன் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் நிறுவனத்தின் பெயரில் செல்லுபடியாகிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதாக ஒரு குறிப்பும் உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் படித்து, அவற்றின் மேலேயே எழுதும். இங்கே என் கோப்புகள் எதிலும் கை வைக்கப்படவில்லை. எவ்வளவு எழுதப்படுகிறது என்பதைவிட எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் ஆபத்தை அளக்கச் சரியான கேள்வி.

அடுத்தது, எழுதுவது எது என்ற தேடல். இதில் பலரும் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் 'ஐஓ ரைட் பைட்ஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, அதிலுள்ள எண்ணை அப்படியே வட்டில் எழுதிய அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. அந்த எண் கோப்பு, வலையமைப்பு, சாதனம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு நிரல் அனுப்பிய பைட்டுகளின் கூட்டு. பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவதும் அதில் சேர்ந்துவிடும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'இது என் வட்டை அழிக்கிறது' என்று ஒரு நிறுவனத்தின் மேல் குற்றம் சாட்டுவது நியாயமில்லை. மறுபக்கம், வட்டில் விழும் எழுத்து முழுவதும் அந்த நிரலின் பெயரில் வராமலும் போகலாம். என் விஷயத்தில் நடந்தது இந்த இரண்டாவதுதான்.

விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர் இந்த வேலைக்கு நல்ல கருவி. அதன் டிஸ்க் பகுதியில் எந்த நிரல், எந்தக் கோப்பில், நொடிக்கு எவ்வளவு எழுதுகிறது என்று தெரியும். பாதுகாப்பு மென்பொருளின் சேவை பட்டியலில் மேலே வந்து வந்து போனது. ஆனால் அதன் பெயரில் இருந்த எழுத்தை எல்லாம் கூட்டினாலும் எஸ்எஸ்டி சொன்ன கணக்கில் சிறு பகுதிகூட வரவில்லை. அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் ஒரு நிரலின் பெயருக்கு அருகில் டிக் செய்தால், கீழே அந்த நிரல் தொடும் கோப்புகள் மட்டுமே தெரியும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, எழுதும் வேகத்தின்படி வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது முதலிடத்தில் நிலையாக நின்றது 'சிஸ்டம்' என்ற வரி. அது எழுதிக்கொண்டிருந்த கோப்போ, பாதுகாப்பு மென்பொருளின் தரவுக் கோப்புறைக்குள் இருந்தது.

'சிஸ்டம்' என்பது விண்டோஸின் மையமான கருப்பகுதியே (கெர்னல்). சாதாரண நிரல்கள் எழுதுவதில் பெரும்பகுதி நேராக வட்டுக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்கும். அதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வட்டில் இறக்குவது கருப்பகுதியின் வேலை. அதனால் யாரோ எழுதியது 'சிஸ்டம்' எழுதியதுபோலத் தெரிவது சாதாரணமாக நடப்பதுதான். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் 'இது விண்டோஸின் சொந்த வேலை, நாம் என்ன செய்ய முடியும்' என்று விட்டுவிடுகிறோம். பெயரை விட்டுவிட்டுக் கோப்பின் முகவரியைப் படித்தால்தான் உண்மையான உரிமையாளர் யார் என்று தெரியும்.

முகவரி தெரிந்ததும் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். அங்கே ஏறக்குறைய 2 ஜிகாபைட் அளவில் ஒரு கோப்பு இருந்தது. அதன் அளவு மாறவில்லை. 'கடைசியாக மாற்றப்பட்ட நேரம்' என்ற இடத்தில் காலையில் கணினியைத் தொடங்கிய நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அசைவே இல்லை. கோப்புறையை மட்டும் பார்ப்பவர் இந்தக் கோப்பில் யாரும் எழுதவில்லை என்றே முடிவு செய்வார். ஆனால் ஒரு நிரல் கோப்பைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு எழுதினால், அது மூடப்படும்வரை கோப்புறைப் பட்டியலில் தெரியும் நேரத்தையும் அளவையும் விண்டோஸ் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோப்புறைகளின் அளவை அளந்து, 'எதுவும் வளரவில்லை, ஆகவே எதுவும் எழுதப்படவில்லை' என்று முடிவுக்கு வருவது இந்தத் துறையில் மிகப் பரவலாக நடக்கும் தவறான வழி. வளராத கோப்பிலும் வரம்பில்லாமல் எழுத முடியும்.

அந்தக் கோப்பின் பின்னொட்டு இடிஎல் (.etl). விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே விண்டோஸில் ஈடிடபிள்யூ என்று ஒரு நிகழ்வுப் பதிவு வசதி இருக்கிறது. டிரைவர்களும் (கருப்பகுதியோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்கள்) மற்ற நிரல்களும் தங்களுக்குள் நடக்கும் ஒவ்வொரு சிறு நிகழ்வையும் அதற்குச் சொல்லும். அந்த வசதி அவற்றைத் திரட்டி இடிஎல் கோப்பாக எழுதும். எழுதுவது கருப்பகுதி என்பதால்தான் 'சிஸ்டம்' என்ற பெயர். இந்தப் பதிவைச் சுழற்சி முறையிலும் அமைக்கலாம்: உச்ச அளவைத் தொட்டதும் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். செக்கு மாடு ஒரே வட்டத்தைச் சுற்றி நாளெல்லாம் நடப்பதைப் போல, அந்த 2 ஜிகாபைட்டுக்குள்ளேயே நாளுக்கு 80 ஜிகாபைட் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. காப்புப் பிரதியின் மாறாத அளவுக்கும் இதுவே காரணம். ஒரே நாளில் கோப்பு முழுவதும் பலமுறை மாறிவிடுவதால், ஒவ்வோர் இரவும் அந்த 2 ஜிகாபைட்டும் புதிதாக நகலெடுக்கப்பட்டது.

இதை உறுதிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் 'ஈவென்ட் டிரேஸ் செஷன்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால், இப்போது இயங்கும் பதிவுகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் எழுதுகிறது என்பதும் தெரியும். பட்டியலில் பலவும் விண்டோஸுக்குச் சொந்தமானவை, பெரும்பாலானவை இலேசானவை. என் பாதுகாப்பு மென்பொருளின் பெயரில் ஒன்று அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வழி பிராசஸ் மானிட்டர். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று அது. 2006-இல் அந்தக் கருவிகள் மைக்ரோசாஃப்ட் வசம் வந்தன, இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் 'ஃபைல் சம்மரி' என்ற பகுதி ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பைட்டுகள் எழுதப்பட்டன என்று கூட்டிக் காட்டும். ஆனால் அதை முதலில் திறக்கும்போது இருக்கும் வடிகட்டிகளில் 'சிஸ்டம்' விலக்கப்பட்டிருக்கும். அந்த விலக்கை நீக்காவிட்டால் என்னுடையதைப் போன்ற கோப்பு கண்ணிலேயே படாது. வடிகட்டியில் பொருந்தாத நிகழ்வுகளைக் கைவிடும் தெரிவையும் இயக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கருவியே ஏராளமான தகவலைச் சேர்த்துக் கணக்கைக் குழப்பும்.

பிராசஸ் மானிட்டரின் கூட்டும் எஸ்எஸ்டியின் எண்ணும் சில கணினிகளில் ஒத்துப்போகாது. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதுகாப்பு மென்பொருளைப் பொறுத்தவரை இது முக்கியம். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் தொட முயலும்போது அந்தக் கோரிக்கை, இடையில் நின்று அதைப் பார்க்கும் பல வடிகட்டி டிரைவர்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் உயர எண் உண்டு. வைரஸ் தடுப்புக்கு ஒதுக்கப்பட்டவை 3,20,000 முதல் 3,29,998 வரை. கண்காணிப்புக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை 3,60,000-க்கு மேல். பிராசஸ் மானிட்டர் இந்த மேல் அடுக்கில் இருக்கிறது. கீழே இருக்கும் பாதுகாப்பு டிரைவர் தானாகவே ஒரு கோப்பில் எழுதினால், அந்தக் கோரிக்கை தனக்குக் கீழே உள்ள அடுக்குகளுக்கு மட்டுமே போகும். மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்று தட்டினால் உங்கள் கணினியில் இருக்கும் இந்த டிரைவர்களும் அவற்றின் உயரங்களும் வரிசையாக வரும். 'பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்து' என்ற பொத்தானை அழுத்திய பிறகும் டிரைவர் அங்கேயே இருப்பதைப் பார்க்கலாம். பொத்தான் நிறுத்துவது சோதனையைத்தான், டிரைவரை அன்று. நிறுத்திய பிறகும் எழுத்து தொடர்ந்தால் 'அப்படியானால் காரணம் இதுவன்று' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

என் மென்பொருளின் அமைப்புகளில் மேம்பட்ட பகுதி, அதற்குள் பராமரிப்பு, அதற்குள் தொழில்நுட்ப உதவி என்று மூன்று அடுக்கு கீழே போனால் 'விரிவான பதிவு' என்று ஒரு தெரிவு இருந்தது. அது இயக்கத்தில் இருந்தது. வீட்டில் யாரும் அதை இயக்கவில்லை. அணைத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரின் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. ஓய்வு நேரச் சோதனையைத் திரும்பச் செய்தபோது மூன்றரை ஜிகாபைட்டாக இருந்தது சில நூறு மெகாபைட்டாக இறங்கிவிட்டது. அன்றிரவு காப்புப் பிரதியிலும் அந்த 2 ஜிகாபைட் இல்லை.

மீதமுள்ள சில நூறு மெகாபைட்டிலும் பாதுகாப்பு மென்பொருளின் பங்கு கணிசமாக இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை செய்யும் பாதுகாப்பு எழுதாமல் இருக்க முடியாது. புதிய தீய நிரல்களின் அடையாளங்கள் நாளில் பலமுறை இறங்குகின்றன. சுருக்கப்பட்ட கோப்பைச் சோதிக்க அதைத் தற்காலிக இடத்தில் விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சோதித்து நல்லது என்று கண்ட கோப்பை மறுபடி சோதிக்காமலிருக்க ஒரு நினைவுப் பட்டியல் வேண்டும். சில மென்பொருள்கள், அறிமுகமில்லாத நிரல் உங்கள் ஆவணத்தை மாற்றப் போகும்போது அதற்கு முன் ஒரு நகலும் எடுத்துவைக்கின்றன. உலாவி திறந்திருந்தபோது என் கணக்கு கூடியதற்கும் காரணம் இதுதான்: உலாவி தற்காலிகமாகச் சேமிக்கும் ஒவ்வொரு சிறு கோப்பையும் பாதுகாப்பு மென்பொருள் பார்த்து, பார்த்ததைக் குறித்துக்கொள்கிறது.

அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு தரவுத்தளத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கே எழுதப்படும் அளவு குறிப்பின் நீளத்தைப் பொறுத்ததில்லை. எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம் பக்கம் பக்கமாகத்தான் எழுதும். ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட்டுகள். 100 பைட் குறிப்புக்காக ஒரு முழுப் பக்கம் முதலில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் துணைக் கோப்பிலும், பிறகு ஒருமுறை மூலக் கோப்பிலும் எழுதப்படலாம். அதற்கும் கீழே, எஸ்எஸ்டியில் அழிப்பது பெரிய பெரிய தொகுதிகளாகவே நடக்கும் என்பதால், உள்ளே தரவை இடம் மாற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. பாதுகாப்பு மென்பொருளில் மட்டும் நடக்கும் விஷயமல்ல இது. 2016-இல் ஸ்பாட்டிஃபையின் மேசைக் கணினிச் செயலி, பாட்டு எதுவும் ஓடாத நேரத்திலும் தன் தரவுத்தளக் கோப்பை ஓயாமல் திரும்ப எழுதி, ஜிகாபைட் கணக்கில் வட்டைத் தேய்த்ததைப் பயனர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் திருத்தம் வந்தது. பயனர்கள் அளந்து பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால் அது இன்னும் பல மாதம் நீடித்திருக்கும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்ற கேள்விக்கு, பதறாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பதே என் பதில். வீட்டு உபயோகத்துக்கான 1 டெராபைட் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் எழுதும் வரம்பு 600 டெராபைட். நாளைக்கு 86 ஜிகாபைட் எழுதினாலும் அதைத் தொட 19 ஆண்டுகள் ஆகும். ஆனால் 40 டெராபைட் வரம்பு கொண்ட சிறிய, பழைய எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதே வேகம் ஒன்றேகால் ஆண்டில் வரம்பை எட்டிவிடும். பழைய கணினிக்குப் புத்துயிர் தர இப்படிச் சிறிய எஸ்எஸ்டி பொருத்திக்கொண்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் மின்கலமும் வீணாகிறது. சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அது ஓய்வெடுக்க வாய்ப்பே இருக்காது. மற்ற நிரல்களும் அதன் வரிசையில் காத்து நிற்க வேண்டியிருக்கும்.

எனக்குத் தேய்மானத்தைவிடப் பெரிய கவலை, அந்தக் கோப்புக்குள் என்ன இருந்தது என்பது. விரிவான பதிவு என்றால் திறக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள், இயங்கிய நிரல்கள், சில சமயம் இணைய முகவரிகள் வரை அதில் இடம்பெற முடியும். அது தானாக வெளியே அனுப்பப்படவில்லை என்பதை ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் பார்த்துக்கொண்டேன். எழுதும் வேகத்துக்கு அருகில் வரும் எந்த அனுப்புதலும் அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கோப்பு காப்புப் பிரதிகளில் இரவுதோறும் நகலாகி வெளி வட்டில் குவிந்துகிடந்தது. பழைய பிரதிகளைக் கழித்துவிட்டேன். கணினியில் மிக உயர்ந்த உரிமையோடு இயங்கும் நிரல், வீட்டில் உள்ளவர்கள் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டிருக்கும்போது அதை ஒரு வரியாவது திரையில் சொல்ல வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

கோபத்தில் சிலர் செய்வதை நான் செய்ய மாட்டேன். பாதுகாப்பு மென்பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே இருப்பது தீர்வன்று. அதன் கோப்புறைக்கு எழுதும் உரிமையைப் பறிப்பதும், அந்தக் கோப்புறையை நினைவக வட்டுக்கு (நினைவகத்தின் ஒரு பகுதியையே வட்டுபோலப் பயன்படுத்துவது) திருப்பிவிடுவதும் சிலர் சொல்லும் வழிகள். பெரும்பாலான பாதுகாப்பு மென்பொருள்கள் தங்கள் கோப்புறைகளைத் தாங்களே காக்கின்றன, விண்டோஸ் 8.1 முதல் அவற்றின் சேவைகளை நிர்வாகிகூட எளிதில் தொட முடியாத காப்பு நிலையில் இயக்கும் வசதியும் உண்டு. அந்தக் காவலை உடைத்து உள்ளே போவது, தீய நிரல் செய்ய விரும்புவதை நாமே செய்து கொடுப்பதாகும். எழுத முடியாமல் போன சேவை மறுபடி மறுபடி முயன்று கணினியை இன்னும் திணறடிக்கவும் கூடும். சோதனையிலிருந்து விலக்கும் பட்டியலில் கோப்புறைகளைச் சேர்ப்பதும் இங்கே பயன் தராது. அது, எந்தக் கோப்புகளைச் சோதிக்க வேண்டாம் என்பதற்கான பட்டியல். மென்பொருள் தானே எழுதுவதை அது தடுக்காது. பதிலுக்கு, தீயவை ஒளிந்துகொள்ள ஓர் இடம்தான் உருவாகும்.

நிறுவனத்தின் உதவிக் குழுவுக்கு எழுதினேன். 'இப்போதைய எஸ்எஸ்டிகள் பல ஆண்டுகள் தாங்கும், கவலை வேண்டாம்' என்று முதல் பதில் வந்தது. நான் கேட்டது அதையல்ல. இரண்டாவது கடிதத்தில் கோப்பின் முழு முகவரி, பதிவின் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், தெரிவு இயக்கத்தில் இருந்தபோதும் அணைத்த பிறகும் எஸ்எஸ்டி காட்டிய எண்கள், இடைப்பட்ட நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதினேன். வருத்தம், கோபம் எதையும் சேர்க்கவில்லை. அதற்கு வந்த பதில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது, விஷயம் தெரிந்தவர். ஒரு பதிப்பு மாற்றத்தின்போது அந்தத் தெரிவு சில கணினிகளில் தானாக இயக்கத்துக்கு வந்துவிட்டது என்றும், அணைத்தே வைத்திருக்கலாம், பாதுகாப்பு குறையாது என்றும் நேராகச் சொன்னார். அளந்த எண்ணோடு போகும் கேள்விக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு என்பதை அப்போது கண்ணாரக் கண்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: பிராசஸ் மானிட்டரின் பதிவைக் கேட்டால் அப்படியே அனுப்பிவிட வேண்டாம். அதில் உங்கள் பயனர் பெயரும், அந்நேரத்தில் தொடப்பட்ட ஆவணங்களின் பெயர்களும் இருக்கும். தேவையான கோப்புக்கு மட்டும் வடிகட்டி, வடிகட்டியதை மட்டும் சேமித்து அனுப்பலாம்.

பதிப்பு மாறும்போது ஒருமுறை அந்தத் தெரிவு தானாக இயங்கியிருக்கிறது என்றால் மறுபடியும் இயங்கலாம். அதனால் மென்பொருளின் பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு ஈவென்ட் டிரேஸ் செஷன்ஸ் பட்டியலைத் திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். எஸ்எஸ்டியின் எண்ணை மாதத்தின் முதல் நாளில் ஒரு தாளில் குறித்துவைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். அண்மையில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. காப்புப் பிரதியும் வீட்டில் நடந்த வேலைக்குத் தக்கபடி ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைந்து வருகிறது.